வாடுவது வேறு, உலர்வது வேறு, உதிர்வது வேறு

"புல் உலர்ந்து, பூ உதிரும்" என்கிறது தமிழ் வேதாகமத்தில் ஏசாயா 40ஆம் அதிகாரம். எபிரேய மூலத்திலும் இங்கே இரண்டு வினைச்சொற்கள் வருகின்றன. புல்லுக்கு 'யாவேஷ்', பூவுக்கு 'நாவேல்'. முன்னது ஈரம் அற்றுப்போவதைச் சொல்வது. ஆதியாகமத்தில் கடலிலிருந்து பிரிந்து தெரியும் 'வெட்டாந்தரை'யின் பெயரும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். பின்னது தளர்ந்து தொய்ந்து விழுவதைச் சொல்வது. முதலாம் சங்கீதத்து நீர்க்கால் ஓரத்து மரத்தின் இலைக்கு நேராது என்று சொல்லப்படுவது இந்த நாவேல்தான். ஆங்கிலத்தின் 'விதர்' இந்த இரண்டையும் பல இடங்களில் ஒன்றாகவே சுமக்கிறது. வெயிலையும் காற்றையும் குறிக்கும் 'வெதர்' என்ற சொல்லின் திரிபாக அது இருக்கக்கூடும் என்பார்கள்.

இந்த இரட்டை வினையைக் கவிதை அடுக்கு என்று மட்டும் படித்துக் கடந்துவிடுவது பெரிய இழப்பு. தாவரத்தின் உள்ளே புகுந்து பார்த்தால், அங்கே நடப்பவை உண்மையிலேயே வெவ்வேறு நிகழ்வுகள்.

இலை ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு எலும்பு கிடையாது. இளந்தண்டில் மரக்கட்டையும் அதிகம் இல்லை. அதைத் தாங்குவது தண்ணீரின் அழுத்தம். முதிர்ந்த இலைச் செல்லில் பெரும்பகுதி இடத்தை நீர் நிறைந்த ஒரு பை பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நீரில் உப்புகளும் சர்க்கரையும் கரைந்திருப்பதால் வெளியிலிருக்கும் தண்ணீர் உள்ளே நுழையப் பார்க்கிறது. செல்லுலோஸால் ஆன சுவர் அதற்கு மேல் விரிய இடம் கொடுக்காது. இந்த நெருக்கலில் உண்டாகும் விறைப்பழுத்தம் பல இலைகளில் 0.5 முதல் 1 மெகாபாஸ்கல் வரை இருக்கும். கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 0.22 மெகாபாஸ்கல்தான். அப்படியானால் ஒரு கீரை இலையின் ஒவ்வொரு செல்லும் டயரைவிட இரண்டு முதல் நாலரை மடங்கு இறுக்கத்தில் நிற்கிறது. செல் கொஞ்சம் நீரை இழந்ததும் இந்த அழுத்தம் பூஜ்ஜியத்துக்கு இறங்குகிறது, இலை தொய்கிறது.

இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது அந்த 'கொஞ்சம்' எவ்வளவு கொஞ்சம் என்பதே. பல தாவரங்களில், முழுதாகக் குடித்த நிலையில் இருந்த நீரில் 10 முதல் 25 சதவீதம் போனாலே விறைப்பு முழுவதும் போய்விடுகிறது. வாடித் தொங்கும் இலையிடம் இன்னும் முக்கால் பங்குத் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அது சாகவில்லை, உலரவும் இல்லை. பூசணிக்கொடி நண்பகலில் துவண்டு, மாலையில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே தலைதூக்குவது இதனால்தான். தொங்கும் இலைமீது உச்சி வெயில் சாய்வாகத்தான் விழும் என்பதால் அந்தத் துவளல் செடிக்கு ஒரு பாதுகாப்பும்கூட.

கறுப்புத் தேயிலைத் தொழில் இந்த இடைநிலையை நம்பியே நடக்கிறது. பறித்த கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி மணிக்கணக்கில் வாட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்தக் கட்டத்தின் பெயரே 'விதரிங்'. விறைப்பான கொழுந்தை உருட்டினால் நொறுங்கிவிடும். விறைப்பு போன கொழுந்து மடிந்து சுருளும். உலர்த்துவது அதற்கெல்லாம் பிறகு, சூட்டில், தனியாக நடக்கிற வேலை.

உலர்வதற்கு வருவோம். விறைப்பு போன பிறகும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தால் செல்லின் சவ்வுகள் சிதைகின்றன. ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த புரதங்கள் கலைகின்றன. பெரும்பாலான தாவரங்கள் தம் நீரில் பாதிக்கு மேல் இழந்த பிறகு மீள்வது அரிது. மண்ணிலும் இப்படி ஓர் எல்லை உண்டு. லைமன் பிரிக்ஸ், ஹோமர் ஷான்ட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1912இல், செடி வாடும் வேளையில் மண்ணில் எவ்வளவு ஈரம் மிஞ்சியிருக்கிறது என்பதை வகைவகையான மண்ணில் அளந்து வெளியிட்டார்கள். 'நிரந்தர வாடல் புள்ளி' என்று இன்று வேளாண் பாடங்களில் வருவது அந்த வழியில் பிறந்தது. அதன் வழக்கமான அளவு மைனஸ் 1.5 மெகாபாஸ்கல்; மண் நீரைத் தன்பக்கம் இழுத்துப் பிடிப்பதையே அந்த மைனஸ் காட்டுகிறது. அதற்குக் கீழே மண்ணில் ஈரம் இருந்தும் பயனில்லை. மண்துகள்கள் அதை வேருக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

இனி வேதாகமம் எழுதப்பட்ட நிலத்துக்குப் போகலாம். யூதேயா மலைகளில் மழை ஐப்பசி வாக்கில் தொடங்கி சித்திரையோடு நின்றுவிடுகிறது. பிறகு ஐந்து மாதத்துக்கு மேல் ஒரு துளி விழாது. இந்த மாற்றத்தின் வாசலில் பாலைவனத்திலிருந்து வரும் சூடான வறண்ட காற்றை எபிரேயர் கிழக்குக் காற்று என்றார்கள். இன்று கம்சின், ஷாராவ் என்கிறார்கள். அது இலையை என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 25 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் பசி ஏறத்தாழ 1.3 கிலோபாஸ்கல். அதுவே 40 டிகிரியும் 10 சதவீத ஈரப்பதமும் ஆனால் 6.6 கிலோபாஸ்கல். ஒரே நாளில் ஐந்து மடங்கு. செடி சும்மா இருப்பதில்லை. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இலைத்துளைகளை நிமிடங்களில் மூடச் செய்கிறது. ஆனால் மூடிய இலையின் மெழுகுத்தோல் வழியாகவும் நீர் கசியும். துளை மூடியதால் ஆவிக்குளிர்ச்சி நின்று இலை சுடவும் தொடங்கும். அந்த மலைகளின் புல் பெரும்பாலும் ஒருபருவப் புல். பங்குனி, சித்திரையில் அது தானாகவே பச்சையத்தைக் கலைத்து, நைட்ரஜனை விதைக்கு அனுப்பிவிட்டுக் காய்கிறது. கிழக்குக் காற்று அந்த வேலையைச் சில நாட்களில் முடித்துவைக்கிறது. யாவேஷ் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி வேண்டியதில்லை.

பூவின் கதை முற்றிலும் வேறு. அதே மலைகளில் சிஸ்டஸ் என்ற புதர்ச்செடி வளர்கிறது. கசங்கிய காகிதம்போல இதழ்களுடன் காலையில் மலரும். பெரும்பாலும் மாலைக்குள் இதழ்கள் உதிர்ந்துவிடும். இதழ் உதிர்வது நீர்ப் பஞ்சத்தால் அல்ல. இதழின் அடியில் மெல்லிய செல்வரிசை ஒன்று முன்பே தயாராக இருக்கிறது. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினையும் சுவர்ப்பொருளையும் நொதிகள் கரைக்கின்றன, பிடி விடுகிறது. பல மலர்களில் இதற்கு ஆணையிடுவது எத்திலீன் என்ற வாயு. சில இனங்களில் இதழ் விறைப்பு குறையாமலே விழுந்துவிடும். உலர்ந்து விழுவது என்று இதைச் சொல்லவே முடியாது. இது செடி திட்டமிட்டுச் செய்கிற விடுவிப்பு. ஏசாயாவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு பூவுக்கு 'விழுந்தது' என்றே எழுதியது. பேதுருவின் முதல் நிருபம் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. தமிழில் 'உதிரும்' என்று எழுதியவர்களும் சரியான வினையைத்தான் கண்டெடுத்தார்கள். 'பூ வாடும்' என்று எழுதியிருந்தால் பாதி விஷயம் போயிருக்கும்.

வேதாகமத்தில் யோனா என்ற தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த செடி இன்னொரு வழியில் அழிகிறது. அதன் எபிரேயப் பெயர் கிகாயோன். பழைய லத்தீன் வேதாகமத்தில் அது சுரைக்கொடி. வேதாகமத்தை லத்தீனில் புதிதாக மொழிபெயர்த்த ஜெரோம் அதைப் படர்கொடி ஐவி என்று மாற்ற, இன்றைய திரிப்போலியான ஓயா நகரச் சபையில் பெரும் கலவரமே மூண்டது என்று அக்கால ஆயரான அகஸ்டின் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தமிழ் வேதாகமம் அதை ஆமணக்கு என்கிறது. இன்றைய அறிஞர்களில் பலருக்கும் அதுவே சம்மதம். வேகமாக வளரும், உள்ளீடற்ற தண்டு, குடைபோல் விரிந்த இலைகள்: நிழல் தரவும் சட்டென்று சாயவும் ஏற்ற செடி.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் ஒரு பூச்சி அதை அரித்தது, செடி காய்ந்தது என்கிறது கதை. தண்டின் நீர்க்குழாய்களில் தண்ணீர் கீழிருந்து தள்ளப்படுவதில்லை; ஆவியாகும் இலைகள் மேலிருந்து இழுக்கின்றன. டிக்சன், ஜோலி என்ற ஆய்வாளர்கள் 1894இல் முன்வைத்த விளக்கம் இது. ஆகவே பகலில் ஒவ்வொரு குழாயிலும் நீர்த்தம்பம் இழுபட்ட நிலையில் இருக்கிறது. குழாய் அரிபட்டால் அந்த இடத்தில் காற்று உள்ளே பாய்கிறது, தம்பம் அறுகிறது. மண்ணில் ஈரம் நிறைய இருந்தாலும் இலை வறண்டுபோகும். அரிபடாத செடியிலும், வறட்சி முற்றும்போது இதே முறிவு நேர்கிறது. 1966இல் மில்பர்னும் ஜான்சனும் அந்த முறிவின் ஓசையைக் கருவியில் பிடித்தார்கள். வாடும் இலையின் காம்பில் அதிர்வுணரியைப் பொருத்த, 'டிக், டிக்' என்று குழாய்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. காம்பில் தண்ணீர் வைத்ததும் ஓசை நின்றது. அவர்கள் சோதனைக்கு எடுத்த செடி ஆமணக்கு.

சுவிசேஷத்தில் கற்பாறை நிலத்தில் விழுந்த விதையும் இதே கணக்கில் அடங்கும். சுண்ணாம்புப் பாறைமேல் படர்ந்த மெல்லிய மண் சீக்கிரம் சூடாகும். விதை முந்தி முளைக்கும். வேர் இறங்க ஆழம் இல்லை, சேமித்த நீரும் இல்லை. "வேரில்லாமையால் உலர்ந்துபோயிற்று" என்று காரணத்தோடு சொல்லும் அந்த வாசகத்தைச் சுருக்கமான தாவரவியல் குறிப்பாகவே படிக்கலாம்.

கிரேக்கத்தில் இங்கே வரும் வினை 'க்ஸெரைனோ', உலர்த்துதல். அதே வினை மாற்கு 3ஆம் அதிகாரத்தில் ஒரு மனிதனின் கைக்கும் வருகிறது. தமிழ் வேதாகமம் அதைச் 'சூம்பின கை' என்கிறது. உடலின் தன்மைகளைச் சூடு, குளிர், ஈரம், வறட்சி என்று பிரித்த பழைய கிரேக்க மருத்துவத்துக்கு மெலிந்த கை உலர்ந்த கைதான். நரம்பின் தொடர்பு அறுந்தால் தசைநார்கள் தம் புரதத்தைத் தாமே கலைத்து ஒல்லியாகின்றன. அங்கே குறைவது தசை; ஈரம் வற்றுவதில்லை.

கிரேக்கத்தில் இன்னொரு வினையும் உண்டு, 'மாரைனோ': மெல்ல மங்கிப்போதல். அதன் எதிர்மறை 'அமாரன்டோஸ்'. "வாடாததுமாகிய சுதந்தரம்" (இங்கே சுதந்தரம் என்றால் வாரிசுச் சொத்து) என்று பேதுரு எழுதுமிடத்தில் இருப்பது அந்தச் சொல். ஹெலிக்ரைசம் என்ற மஞ்சள் பூவைச் சிலர் அமாரன்டன் என்று அழைப்பதாக முதல் நூற்றாண்டு மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் குறித்திருக்கிறார். பிற்காலத்தில் தாவரவியலாளர்கள் அந்தப் பெயரை முளைக்கீரையும் தண்டுக்கீரையும் சேர்ந்த பேரினத்துக்கும், அதன் குடும்பத்துக்கும் வைத்தார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் மாலைகளில் இடம்பிடித்த வாடாமல்லியும் அந்தக் குடும்பத்தில்தான் வருகிறது.

வாடாமல்லியின் ஓர் உருண்டையைப் பிரித்துப் பாருங்கள். நாம் பூ என்று நினைக்கும் ஊதா நிறம் இதழ்களுடையது அல்ல. சருகு போன்ற பூவடிச் செதில்களுடையது. உண்மையான பூக்கள் அவற்றுக்கிடையே எளிதில் கண்ணில் படாதபடி சிறிதாக ஒளிந்திருக்கின்றன. ஹெலிக்ரைசத்தின் பொன்னிறமும் இப்படிப்பட்ட செதில்களுடையதே. செதில்கள் செடியில் இருக்கும்போதே பெரும்பாலும் காய்ந்தவை, சுவர்களே அவற்றைத் தாங்குகின்றன. நீரழுத்தத்தை நம்பி நிற்காததால் அழுத்தம் போனாலும் அவை தொய்வதில்லை. வாடாமல்லியின் நிறம் பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாசயனின் வகையைச் சேர்ந்தது. காய்ந்த திசுவில் அது நெடுநாள் தங்குகிறது.