தினசரியாவும் உடலின் கடிகாரமும்: நேரமில்லாதவர்களுக்கு ஆயுர்வேத நாள்முறை

ஆயுர்வேதம் வகுத்த அன்றாட ஒழுங்குக்கு தினசரியா என்று பெயர். வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில், சூத்திரஸ்தானம் என்ற முதற்பகுதியின் இரண்டாம் அத்தியாயம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. விடியுமுன் எழுதல், மலசலம் கழித்தல், பல் துலக்கல், கண்ணுக்கு மை, மூக்கில் சொட்டு, வாய் கொப்பளித்தல், எண்ணெய் தேய்ப்பு, உடற்பயிற்சி, பொடி தேய்ப்பு, குளியல் என்று வரிசை நீளும். அத்தனையையும் ஒழுங்காகச் செய்தால் காலையில் இரண்டு மணிநேரம் போய்விடும். வேலைக்கு ஓட வேண்டியவர் ஒரு வாரம் தாக்குப்பிடித்தாலே பெரிது.

இந்தப் பட்டியலில் எல்லாம் சம எடை கொண்டவை அல்ல. எழும் நேரம், வெளிச்சம் படும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் ஆகிய நான்கும்தான் அச்சாணி. இவை சரியாக அமைந்தால் மற்றவற்றைக் குறைத்தாலும் வண்டி ஓடும். இவை தப்பினால், எண்ணெயும் பொடியும் எவ்வளவு தேய்த்தாலும் பெரிய பயனில்லை. அதற்கான காரணம் செல்களுக்குள் இருக்கிறது.

செல்லுக்குள் ஓடும் நாள்

பழ ஈக்களில் ‘பீரியட்’ என்ற மரபணு தினசரித் தாளத்தை எப்படி உண்டாக்குகிறது என்று கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த மரபணு உண்டாக்கும் புரதம் இரவில் செல்லுக்குள் சேர்கிறது. ஓரளவு சேர்ந்ததும் தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்கிவிடுகிறது. பகலில் புரதம் சிதைந்து குறைய, அடக்குமுறை நீங்கி மரபணு மறுபடி வேலை தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணிநேரம். மனித உடலிலும் இதே வகைச் சுழற்சி ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் நடக்கிறது.

இத்தனை கடிகாரங்களையும் ஒத்திசைப்பது மூளையில் ஹைப்போதாலமஸ் பகுதியிலுள்ள, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு. இதன் இயல்பான சுற்று சராசரியாக 24 மணிநேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். ஆகவே நாள்தோறும் அதைச் சற்றே முன்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதைச் செய்வது காலை வெளிச்சம். ஈரலுக்கும் குடலுக்கும் உள்ள கடிகாரங்களோ வெளிச்சத்தைவிட உணவு வரும் நேரத்துக்கே அதிகம் செவிசாய்க்கின்றன. இரவு பதினொன்றுக்குச் சாப்பிட்டால் மூளை இரவு என்கிறது, ஈரல் பகல் என்கிறது. இந்த முரண்தான் காலையில் பசியின்மையாகவும் மந்தமாகவும் தெரிகிறது.

எப்போது எழுவது

பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடியும் பொழுது. ஆறு மணிக்கு உதயம் என்றால் 4:24 முதல் 5:12 வரை. நூல் இதை எல்லோருக்கும் விதிக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை: ‘ஆரோக்கியமானவர்’ என்ற நிபந்தனை அந்த வரியிலேயே உண்டு. முந்தைய இரவு உண்டது செரித்ததா என்று பார்த்துவிட்டு எழச் சொல்கிறது வாக்படரின் பெயரில் வழங்கும் இன்னொரு நூலான அஷ்டாங்க சங்கிரகம். நள்ளிரவில் படுத்து நாலரைக்கு எழுவது ஆயுர்வேதமும் இல்லை, அறிவியலும் இல்லை. வெறும் தூக்கக் கடன். ஏழு மணிநேரத் தூக்கத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் படுக்கும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். விடுமுறை நாளிலும் எழும் நேரம் ஒரு மணிநேரத்துக்கு மேல் மாறக் கூடாது.

எழுந்த ஒரு மணிநேரத்துக்குள் 15 முதல் 30 நிமிடம் வெளியில் இருங்கள். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். விளக்கு போட்ட அறையில் பெரும்பாலும் 500 லக்ஸுக்குள்தான். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நின்றாலும் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இரவில் கணக்கு தலைகீழ். விழித்திரையில் நேரத்தை உணரும் செல்கள் 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே அதிகம் எதிர்வினை தருகின்றன. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் முன்பு, உடலுக்கு இரவை அறிவிக்கும் ஹார்மோனான மெலடோனின் சுரக்கத் தொடங்கும். அந்த இரண்டு மணிநேரமும் தலைக்கு மேலுள்ள பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு, தாழ்வான மங்கல் விளக்கு ஒன்று போதும்.

அடக்கக் கூடாதவை

அவசரக் காலையில் முதலில் பலியாவது மலம் கழிக்கும் நேரம். அஷ்டாங்க ஹிருதயம் நான்காம் அத்தியாயத்தில் மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் முதலிய இயற்கை உந்துதல்களை அடக்குவதால் வரும் நோய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. மலத்தைப் பொறுத்தவரை வழிமுறை தெளிவானது. பெருங்குடலின் அசைவு இரவில் அடங்கி, விழித்ததும் எழுச்சி பெறும். வயிற்றுக்குள் எதுவும் போனால் குடல் சுருங்கும் அனிச்சைச் செயல் அதற்கு மேல் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் வரும் உந்துதலை ‘அலுவலகம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அடக்கினால், தங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சி அதை இறுக்கிவிடும். தொடர்ந்து அடக்கினால் மலக்குடல் விரிந்து பழகி, உந்துதலே மங்கிவிடுகிறது. எழுந்ததும் ஒரு குவளை வெதுவெதுப்பான நீர். பிறகு கிளம்பும் பரபரப்புக்கு முன் 20 நிமிடம் ஒதுக்கி வையுங்கள். முக்க வேண்டாம். பாதத்துக்குக் கீழே சிறு பலகை வைத்து முழங்கால்களை உயர்த்தினால் மலக்குடலின் வளைவு நிமிர்ந்து, கழிப்பது எளிதாகும்.

உணவு: எவ்வளவு, எப்போது

வயிற்றை நான்காகப் பகுத்து இரண்டு பங்கு திட உணவு, ஒரு பங்கு நீர்மம், ஒரு பங்கு காலி என்கிறது அஷ்டாங்க ஹிருதயம். இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் மூன்றாகப் பிரிக்கிறார். எண்ணிக்கையில் வேறுபாடு இருந்தாலும், நிரம்ப உண்ணாதே என்பதில் இருவரும் ஒன்று. இரைப்பை மிகையாக விரிந்தால் உணவுக்குழாயின் அடிவாயிலிலுள்ள தசை வளையம் அடிக்கடி தளரும், அமிலம் மேலேறும். சாப்பிட்டபின் நேராக உட்கார்ந்தபடி ஆழமாக மூச்சிழுத்துப் பாருங்கள். மேல்வயிறு முட்டினால், காலியாக விட வேண்டிய அந்த ஒரு பங்கையும் நிரப்பிவிட்டீர்கள்.

முன் உண்டது செரித்த பின்னரே அடுத்த உணவு என்ற விதிக்கு உடலியலில் அழகான இணை உண்டு. இரைப்பையும் சிறுகுடலும் காலியாக இருக்கும்போது, ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பலமான சுருக்க அலை மேலிருந்து கீழாக ஓடி, மிச்சம் மீதியையும் நுண்ணுயிர்களையும் பெருங்குடல் பக்கம் தள்ளுகிறது, இரவில் கடைத்தெருவைப் பெருக்கிவிடுவதுபோல. ஒரு பிஸ்கட் போதும், இந்த அலை நின்றுவிடும். திட உணவு இரைப்பையை விட்டு அகலவே நான்கு மணிநேரம் வரை ஆகலாம் என்பதால், உணவுக்கும் உணவுக்கும் குறைந்தது நான்கு மணிநேர இடைவெளி வைப்பது நியாயம். இடையே தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை போட்ட பானம் உணவுக் கணக்கில்தான் சேரும்.

நாளின் நடுப்பகுதியைப் பித்தத்தின் பொழுதாகவும், செரிப்பின் வேகம் அப்போது கூடுவதாகவும் ஆயுர்வேதம் கொள்கிறது. வாத, பித்த, கபங்களை ஆய்வகத்தில் அளந்து காட்ட வழியில்லை. ஆனால் பகலில் உண்டதைவிட அதே உணவை இரவில் உண்டால் இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறுகிறது என்பது அளந்து உறுதியான செய்தி. மெலடோனின் சுரக்கும் நேரத்தில் கணையம் இன்சுலினைக் குறைவாக வெளியிடுவது இதற்கு ஒரு காரணம். ஆகவே பெரிய உணவு நண்பகலில். இரவு உணவு அதில் பாதியளவில், படுக்கைக்கு மூன்று மணிநேரம் முன்பு.

எண்ணெய்: தினமும் முழு உடல் தேவையில்லை

உடல் முழுவதும் தேய்க்க 30 முதல் 50 மில்லி நல்லெண்ணெய், பத்து நிமிடத் தேய்ப்பு, கால் மணிநேர ஊறல், பிறகு வெந்நீர்க் குளியல். வார இறுதியில் ஒருநாள் இதற்கு ஒதுக்கலாம். மற்ற நாட்களுக்கு நூலிலேயே குறுக்குவழி இருக்கிறது: தலை, காது, பாதம் மூன்றுக்கும் சிறப்பாகத் தேய்க்கச் சொல்கிறார் வாக்படர். வேலை நாளில் பாதம் மட்டும் போதும். இரு பாதங்களுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஐந்து நிமிடம். இது தூக்கத்துக்கு உதவும் விதம் ஊகிக்கக் கூடியதே. தூக்கம் வர உடலின் உள்வெப்பம் குறைய வேண்டும். அந்த வெப்பம் கை, பாதங்களின் தோல் வழியாகவே பெருமளவு வெளியேறுகிறது. சூடும் தேய்ப்பும் பாதத்து இரத்தக் குழாய்களை விரிக்கின்றன. படுக்கைக்கு ஒரு மணிநேரம் முன்பு வெந்நீரில் குளித்தால் தூக்கம் சீக்கிரம் வருவதும் இதே வழியில்தான்.

தவறுகள் நேர்வது பெரும்பாலும் எண்ணெய்க்கு வெளியே. எண்ணெயை அடுப்பில் நேராகச் சூடேற்றினால் வெப்பம் கை மீறும். குப்பியை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும். எண்ணெய்ப் பாதத்தோடு ஈரத் தரையில் நடப்பது, முக்கியமாக முதியவர்களுக்கு, எலும்பு முறிவில் கொண்டுபோய் விடும், காலுறை போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் துடைத்த துண்டுகளைச் சரியாகத் துவைக்காமல் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுக் குவியலாக விட்டால், எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெப்பம் உள்ளே தேங்கி, தானாகவே தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு. அஜீரணமும் கபக் கோளாறும் உள்ளபோது எண்ணெய் தேய்ப்பு வேண்டாம் என்று நூலே விலக்குகிறது.

பாதிப் பலம்

உடற்பயிற்சிக்குப் பாதிப் பலம் என்று ஓர் அளவு சொல்லப்படுகிறது. நெற்றியிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி, வாயால் மூச்சு வாங்கத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற இன்றைய சோதனையும் இதே வரம்பைத்தான் தொடுகிறது. இருபது நிமிட வேக நடையைக் காலை வெளிச்சத்தில் நடந்தால் ஒரே செலவில் இரண்டு வேலை முடியும்.

விட்டுவிட வேண்டியவை

நூலில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஈயம் கலந்த கண் மை நரம்புகளுக்கு நஞ்சு. குழந்தைகளுக்கு இட்டுவிடவே கூடாது. மூக்கில் எண்ணெய் விடுவதைப் படுத்த நிலையில் இரவுதோறும் வழக்கமாக்கினால், துளிகள் மூச்சுக்குழலுக்குள் இறங்கி எண்ணெயால் வரும் நுரையீரல் அழற்சி உண்டாகக் கூடும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு வாயில் எண்ணெய் கொப்பளிப்பதிலும் இதே ஆபத்து. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. நாள்முறையைக் கடைப்பிடிக்க மாத்திரை, லேகியம் எதுவும் தேவையில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் உணவு நேரத்தை மாற்றும் முன் மருந்தின் நேரத்தையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கால் பங்காக மாற்றுவது

பழகிய தீயதைக் கால் பங்காகவோ அதிலும் காலாகவோ விடு, நல்லதையும் அதே அளவில் ஏற்றுக்கொள், இடையே ஒன்று, இரண்டு, மூன்று நாள் இடைவெளி கொடு என்று அஷ்டாங்க ஹிருதயம் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு விதி வருகிறது. நூலில் மிகவும் பயனுள்ளதும், குறைவாகப் பேசப்படுவதும் இதுதான் என்பது நம் கருத்து. இரவு பத்து மணிக்கு உண்பவர் ஏழரைக்கு வர வேண்டுமானால் மாற்ற வேண்டியது 150 நிமிடம். கால் பங்கு ஏறத்தாழ 40 நிமிடம். முதலில் 9:20, மூன்று நாள் கழித்து 8:45, பிறகு 8:10, கடைசியில் 7:30. ஒரே நாளில் ஏழரைக்குத் தாவினால் பத்து மணிக்குப் பசி வந்தே தீரும், ஏனென்றால் குடலின் கடிகாரம் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மாற்றம் நிலைத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இரவு உணவு முதலில், படுக்கும் நேரம் அடுத்து. எழும் நேரம் பெரும்பாலும் தானாகவே பின்தொடரும்.

இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. பழக்கமில்லாமல் இரவு விழித்தவர், விழித்த நேரத்தில் பாதியளவு காலையில், உண்ணும் முன் தூங்க வேண்டும் என்பது வாக்படரின் விதி. எட்டு மணிநேரப் பணி என்றால் வீடு திரும்பியதும் நான்கு மணிநேரம். எப்போதாவது விழிப்பவருக்கு அது போதும்; தொடர் பணிக்காரர் பிற்பகலிலோ பணிக்கு முன்போ இன்னொரு தூக்கம் சேர்த்து ஏழு மணிநேரத்தை எட்ட வேண்டும். திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி அணிவது காலை வெளிச்சத்தின் தூண்டலைக் குறைக்கும். ஆனால் தூக்கம் சொக்கும் நிலையில் வண்டி ஓட்டுபவர் அதை அணியக் கூடாது. பணியின்போது பெரிய சாப்பாட்டை நள்ளிரவுக்கு முன்பே முடித்துக்கொண்டு, அதிகாலை வரை நீரும் தேவைப்பட்டால் சிறிதளவு உணவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். காஃபீனில் பாதியை உடல் வெளியேற்றவே ஐந்து மணிநேரம் ஆவதால், கடைசிக் காப்பி பணியின் முற்பாதியில் முடிந்துவிட வேண்டும்.