மில்லை விட்டு வந்தவர்களின் மூச்சை யார் கணக்கெடுப்பது?

பல்லடம், அவிநாசி, சோமனூர் பக்கத்தில் இருமலோடும் மூச்சுவாங்கலோடும் வருகிறவர்களிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் மூன்று. எத்தனை நாளாக இருமல், சளியில் ரத்தம் வருகிறதா, பீடி சிகரெட் உண்டா. மூன்றும் அவசியமான கேள்விகள்தான். ஆனால் நூற்பாலைகள் நிறைந்த ஒரு மண்ணில் நாலாவதாக ஒன்றையும் கேட்டாக வேண்டும்: முன்பு என்ன வேலை பார்த்தீர்கள், அப்போது எந்தக் கிழமை நெஞ்சு அதிகமாக இறுகியது?

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் இதைக் கேட்டால் பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும். "ஞாயித்துக்கெழமை ஒண்ணுந் தெரியாதுங்க. திங்கக்கெழமை மில்லுக்குள்ள போயி ரெண்டு மூணு மணி நேரத்துல நெஞ்ச இறுக்கிப் புடிச்சுக்குமுங்க. செவ்வாக்கெழம பரவால்லீங்க." அந்த நாளில் யாரிடமாவது சொன்னீர்களா என்றால், "சொன்னா வேலைய விட்டு நிறுத்தீருவாங்கன்னு சொல்லலீங்க" என்பார்கள்.

இந்தத் திங்கட்கிழமை இறுக்கம்தான் பிசினோசிஸ் என்ற நோயின் முதல் அடையாளம். பஞ்சுத் தூசியால் வருவது. பஞ்சோடு சேர்ந்து வரும் இலைத்துணுக்கு, காய்த்தோல் இவற்றில் பாக்டீரியாக்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் நச்சுப்பொருளான எண்டோடாக்சின், தூசியோடு உள்ளே போய் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்வதில் பெரும்பங்கு வகிக்கிறது. வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள்தான் அது பலமாகத் தாக்கும். சில வருஷங்களில் செவ்வாய், புதன் என்று நீளும். கடைசியில் லீவு நாளிலும் விடாது. மாடிப்படி ஏற முடியாது, குடத்தைத் தூக்க முடியாது. ஆரம்பத்திலேயே தூசியிலிருந்து ஆளை விலக்கிவிட்டால் நுரையீரல் பெரும்பாலும் தேறிவிடும். முற்றிவிட்டால் பழைய மூச்சு திரும்பாது. பீடி, சிகரெட் பழக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் வேகமாக முற்றும்.

மில்லில் எல்லா இடத்திலும் ஒரே அளவு தூசி இருக்காது. பஞ்சுப் பேல்களைப் பிரிக்கும் ப்ளோரூமிலும் பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும்தான் மிக அதிகம். வேஸ்ட் பஞ்சிலிருந்து நூல் எடுக்கும் ஓப்பன் எண்ட் மில்களில் தூசி இன்னும் மோசம். மெஷினில் படிந்த தூசியை ஏர் அடித்துச் சுத்தம் செய்யும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி முழுவதும் மறுபடி காற்றில் ஏறுகிறது. அதை உறிஞ்சி எடுக்க வேண்டும், ஊதிப் பறக்கவிடக் கூடாது. முகத்தில் கட்டும் துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் பஞ்சு இறங்கிவிடும் என்று தலைமுறை தலைமுறையாக நம்புகிறோம். அவை வயிற்றுக்குள் போகின்றன, தூசி போவது மூச்சுக்குழாய்க்குள். இந்த நம்பிக்கையால் டாக்டரிடம் வருவது வருஷக்கணக்கில் தள்ளிப்போகிறது என்பதுதான் என் கவலை.

இந்த நோய் ஏன் கண்ணில் படுவதில்லை? எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. ஆகவே "படம் நல்லா இருக்கு, சாதாரண வீசிங்தான்" என்று ஒரு இன்ஹேலரோடு அனுப்பிவிடுவது எளிது. இன்ஹேலர் கொஞ்சம் ஆறுதல் தரும், அந்த ஆறுதலோடு அவர் மறுநாள் அதே கார்டிங்குக்குப் போவார். வேலை சார்ந்த ஆஸ்துமா பொதுவாக வாரம் போகப்போகக் கூடும், பிசினோசிஸ் வாரத்தின் முதல் நாளில் தொடங்கும். இந்த வித்தியாசத்தை முதலில் காட்டிக்கொடுப்பது கருவி இல்லை, நோயாளியின் வாய்தான். அதன் பிறகு ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் டெஸ்ட்டை வாரத்தின் முதல் வேலை நாளில் ஷிப்டுக்கு முன்பும் பின்பும் செய்து, முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்று எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையையும் விட்டுவிடக் கூடாது. ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. நூலையும் எந்திரத்தையும் ஆராய்வதற்கு 1956-லேயே சிட்ரா என்ற நிறுவனத்தை நம் ஊரில் அமைத்துக்கொண்டோம், அதில் பெருமைப்படவும் செய்கிறோம். அந்த நூலை நூற்றவர்களின் நுரையீரலுக்கு அந்த அக்கறையில் பாதியாவது கிடைத்திருக்க வேண்டும்.

ஆய்வு நடந்தாலும் அது எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விடை வரும். மில்லுக்குள் போய், அன்று வேலையில் இருப்பவர்களைச் சோதித்தால் நோய் குறைவாகத்தான் தெரியும். மூச்சு முட்டியவர்கள் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருப்பார்கள், தாக்குப்பிடிக்கும் உடம்புக்காரர்கள் மட்டுமே மிஞ்சியிருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணிவிட்டு இந்தப் பள்ளியில் யாருமே இடையில் நிற்கவில்லை என்று சொல்வது போன்ற கணக்கு அது. நம் பகுதியில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். ஹாஸ்டலில் தங்கி மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தென்மாவட்டப் பெண்கள் கல்யாணம் ஆகி ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஒடிசா, பீகார் தொழிலாளிகள் முடியாமல் போனால் ரயில் ஏறிவிடுகிறார்கள். அவர்களுடைய இருமல் வேறு ஏதோ ஒரு ஊரின் கணக்கில், வேறு ஏதோ ஒரு பெயரில் பதிவாகிறது.

உள்ளே இருப்பவர்களோடு வெளியே போனவர்களையும் தேடியதால்தான் மற்ற நாடுகளில் உண்மை வெளிவந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் 1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் திங்கட்கிழமை இறுக்கத்தை வைத்தே நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். இன்றும் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அடித்தளம் அதுதான். அமெரிக்காவின் கரோலைனா மாநிலங்களில் ஓய்வு பெற்ற, மூச்சுத் திணறிய மில் தொழிலாளிகளே 1975-இல் ஒன்றுகூடி சங்கம் அமைத்து, ஊர் ஊராக ஊதும் டெஸ்ட் முகாம் நடத்தினார்கள். 1978-இல் அந்த நாட்டில் பஞ்சுத் தூசிக்கு வரம்பு வந்தது: நூற்புப் பிரிவுகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம். ஷாங்காயில் 1981-இல் தொடங்கிய ஆய்வு இன்னும் அழகானது. பஞ்சாலைக்காரர்களையும் பட்டு ஆலைக்காரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர்கள் ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். பஞ்சாலைக்காரர்களின் மூச்சுத்திறன் வேகமாகக் குறைந்ததும், தூசியை விட்டு வெளியே வந்த பிறகு ஓரளவு தேறியதும் அதில் தெரிந்தன. கொங்கு மண்ணுக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஆய்வு. மில் கேட்டில் தொடங்கக் கூடாது, ஊர்த் திண்ணையில் தொடங்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அந்தத் தன்னார்வலர் அக்காவுக்கு இரண்டே கேள்வி கூடுதலாகக் கொடுத்தால் போதும்: மில்லில் எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் இருந்தீர்கள், மூச்சு முட்டியதால் வேலையை விட்டீர்களா? பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம். ஊருக்கு ஊர் எத்தனை பேர் மூச்சு முட்டி வேலையை விட்டார்கள் என்று ஒரு முதல் கணக்காவது கையில் கிடைக்கும்.

ஆய்வுக்கு வருகிறவர்களிடம் நீங்களும் தயங்காமல் கேட்க வேண்டியவை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் உங்கள் பக்கம் நிற்கின்றன. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லலாம், பாதியில் விலகலாம், அதற்காக உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையக் கூடாது. முதலாளிக்குக் கீழ் வேலை செய்பவர்கள் மறுத்துப் பேசத் தயங்குவார்கள் என்பதால் அவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்றும் அந்த நெறிமுறைகள் சொல்கின்றன. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது வாங்கிய கையெழுத்தை நான் சம்மதமாக ஏற்க மாட்டேன். டெஸ்ட் முடிவு உங்கள் கைக்கு வருமா, நிர்வாகத்துக்குப் போகுமா என்று ஊதுவதற்கு முன்பே கேளுங்கள். நிர்வாகத்துக்குப் போகும் என்றால், நோய் உள்ளவர் வாயைத் திறக்கவே மாட்டார். அப்புறம் அந்த ஆய்வால் யாருக்கும் பயன் இல்லை.

இது சட்டத்துக்குத் தெரியாத நோயும் இல்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில், கண்டறிந்த மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே பிசினோசிஸ் இடம்பெற்றது. இ.எஸ்.ஐ.-யின் தொழில்நோய்ப் பட்டியலிலும் உண்டு. மருத்துவர் அந்தப் பெயரை எழுதினால்தான் இந்த உரிமைகளுக்கு உயிர் வரும். சீட்டில் "நாள்பட்ட சளி" என்று மட்டும் எழுதியிருந்தால் இழப்பீடு கேட்பது மிகவும் கடினம்.

ஆகவே அடுத்த முறை மூச்சுவாங்கலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பழைய இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். சீட்டு, மில் அடையாள அட்டை என எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், எந்தக் கிழமை இறுக்கம். அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, ஊதும் டெஸ்ட் எங்கே செய்கிறார்கள் என்று அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள்.