சுவரில் வெள்ளையும் ஒரு நிறம்

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், நக்த் என்பவரின் கல்லறை இருக்கிறது. வயது சுமார் 3,400 ஆண்டு. அதன் சுவரில் மூன்று பெண்கள் யாழும் குழலும் வாசிக்கிறார்கள். இந்தக் காலத்து விருந்துக் காட்சிகளில் பெண்களின் லினன் ஆடை அவ்வளவு மெல்லியது. உள்ளே உடலின் நிறம் தெரியும். அந்த மென்மையை எப்படிக் கொண்டுவந்தார்கள்?

முதலில் சிவப்புக் கோட்டில் உருவம். அடுத்து பின்னணி, உடலுக்கு மண் நிறம். அது காய்ந்ததும் மேலே வெள்ளையை மெல்லிசாக ஒரு பூச்சு. கடைசியில் ஓரக்கோடு. அதாவது அந்த வெள்ளை, பூசி வந்த வெள்ளை.

இந்தச் சுவரோவியங்களைத் தாளில் நகலெடுக்க வருபவருக்கு இங்கேதான் சிக்கல். வாட்டர்கலரில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட தாள்தான். நிறமும் கண்ணாடி போல ஒளியை உள்ளே விடும். சுவரோவியத்தின் கெட்டியான, மினுமினுப்பு இல்லாத பரப்பு அதில் வராது. அதனால்தான் 1907 முதல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்காக அங்கே வேலை செய்த நார்மன் டேவிஸ், நினா டேவிஸ் தம்பதியின் குழு டெம்பராவுக்குப் போனது. நிறப்பொடியை முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம் அது. சீக்கிரம் காயும், மேல் பூச்சு கீழ்ப் பூச்சைக் கலைக்காது. பழைய ஓவியன் பூசிய அதே வரிசையில் பூசலாம். நகல் என்றால் படத்தைப் பார்த்து வரைவது மட்டும் இல்லை, அந்தக் கை செய்த வேலையை மறுபடி செய்து பார்ப்பது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, இருட்டுக் கல்லறையில் நிறத்தை எப்படிப் பார்ப்பது? விளக்கு வெளிச்சம் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். வாசலில் கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே அனுப்பினார்கள். சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீலம் தனிப் பாடு. மணல், சுண்ணாம்பு, செம்பு, காரம் நான்கையும் சுமார் 900 டிகிரியில் சுட்டுச் செய்த செயற்கை நிறம் அது. கொரகொரப்பாக அரைத்தால் ஆழ்ந்த நீலம், நைஸாக அரைத்தால் வெளிர் நீலம். கடையில் வாங்கும் ஒரு நீலத்தால் இதை ஈடுகட்ட முடியாது.

நினா டேவிஸின் நகல்களில் நான் அதிகம் மதிப்பது சேதங்களை. உடைந்த பூச்சு உடைந்தபடியே இருக்கும். போன முகத்தை ஊகித்து வரைந்துவிடவில்லை. அதற்கு நூறு ஆண்டு முன்பு, 1817இல் இத்தாலியரான பெல்சோனி திறந்த முதலாம் சேத்தி மன்னரின் கல்லறையில், மெழுகு அச்சு எடுத்தே சுவரின் நிறத்தைக் கெடுத்திருக்கிறார்கள். தூரிகை சுவரைத் தொடவே வேண்டியதில்லை.

இன்று லேசர் ஸ்கேனர் அந்த வேலையைச் செய்கிறது. எகிப்திய மன்னர் துட்டன்காமன் கல்லறையின் முழு அளவு நகல் 2014இல் லக்சர் அருகே திறக்கப்பட்டது. அசல் சுவரில் படிந்த பழுப்புப் புள்ளிகள்கூட அதில் உண்டு. அப்புறம், உள்ளே இருந்த பெரிய மரப் பேழைகளை வெளியே எடுக்க 1920களில், அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரின் குழு உடைத்தெடுத்த ஓவியத் துண்டையும் ஹாரி பர்ட்டனின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை வைத்து மறுபடி உருவாக்கி, அங்கேயே வைத்திருக்கிறார்கள். அசல் கல்லறையில் அந்த இடம் இன்றும் காலி.