ஆன்-பேஸ் பர்சென்டேஜ்: தளமடை விகிதம்

பேஸ்பால் புள்ளிவிவரங்களில் ஓ.பி.பி. என்று சுருக்கமாகப் போடுவது இதைத்தான். மட்டையாளர் ஒருவர் ஆட வந்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு அவுட் ஆகாமல் தளத்துக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய பேஸுக்கு, போய்ச் சேர்ந்தார் என்பதைச் சொல்லும் எண் இது.

இந்தக் கணக்கில் மூன்று வழிகளில் தளத்தை அடையலாம். பந்தை அடித்துவிட்டு ஓடிச் சேர்ந்தால் ஹிட். எறிபவர் அடிக்கத் தகுந்த எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை எறிந்து, மட்டையாளரும் அவற்றை அடிக்க முயலாமல் விட்டுவிட்டால், முதல் தளத்துக்கு நிதானமாக நடந்தே போகலாம், பெயரே வாக்தான். மூன்றாவது, பந்து உடம்பில் படுவது.

2004-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்காக பேரி பாண்ட்ஸ் ஆடியதை எடுத்துக்கொள்வோம். ஹிட் 135, வாக் 232, உடம்பில் பட்டது 9, மொத்தம் 376. வகுக்கும் எண்ணுக்கு, அட்-பேட் எனப்படும் அடித்தாடிய வாய்ப்புகள் 373, அவற்றோடு அதே 232, 9, அப்புறம் தான் அவுட் ஆனாலும் சக ஆட்டக்காரரை ஓட்டம் எடுக்க வைக்கும் உயர்ந்த அடியான சாக்ரிஃபைஸ் ஃப்ளை 3, ஆக 617. வகுத்தால் .609. அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டித் தொடரான மேஜர் லீக்கில் ஒரு சீசனில் இதை மிஞ்சியவர் இல்லை. அந்த 232 ‘வாக்’களில் 120, ‘இவரிடம் அடி வாங்குவதைவிடத் தளத்தைச் சும்மா கொடுத்துவிடலாம்’ என்று எதிரணிகள் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தவை! அதே ஆண்டில் அவருடைய பேட்டிங் ஆவரேஜ் .362. ஹிட்டை அட்-பேட்டால் மட்டும் வகுக்கும் அந்தப் பழைய கணக்குக்கு, 232 முறை நடந்து போனது கண்ணிலேயே படவில்லை.

இந்தக் குறைதான் புதிய எண்ணுக்கு வழிவிட்டது. மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனை அணிக்குள் கொண்டுவந்த புரூக்ளின் டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, 1947-இல் ஆலன் ராத் என்ற கனடாக்காரரைப் புள்ளிவிவரம் பார்க்கவே வேலைக்கு எடுத்தார். தளத்தை அடைவதையும் அளக்க வேண்டும் என்ற கருத்தை ரிக்கி 1954-இல் லைஃப் இதழில் எழுதினார். ஆனாலும் மேஜர் லீக் இதை அதிகாரபூர்வக் கணக்காக ஏற்றது 1984-இல்தான். 2002-இல் ஓக்லண்ட் அணியின் நிர்வாகி பில்லி பீன், இந்த எண் நன்றாக இருந்தும் சந்தையில் விலைபோகாத ஆட்டக்காரர்களை மலிவாக எடுத்து 103 ஆட்டங்களை வென்ற பிறகு, இதன் மதிப்பு எல்லாருக்கும் புரிந்தது. வழக்கமான ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 27 அவுட்தான். அவுட் ஆகாதவர்தான் விலைமதிப்புள்ளவர்.

தமிழில் என்ன சொல்லலாம்? பேஸ் என்பதற்குத் ‘தளம்’ பொருந்துகிறது. பர்சென்டேஜ் என்பதால் ‘விழுக்காடு’ போடத் தோன்றும். ஆனால் இந்த எண்ணை நூற்றுக்கு இத்தனை என்று யாரும் எழுதுவதில்லை. .360 என்று மூன்று தசம இடங்களில் எழுதி, ‘முந்நூற்றறுபது’ என்கிற மாதிரிதான் படிக்கிறார்கள். ‘வீதம்’ என்றால் இலங்கை வாசகர் சதவீதமாகவே எடுத்துக்கொள்வார். எனவே ‘தளமடை விகிதம்’ என்பது என் தேர்வு.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். களத்தடுப்பாளரின் பிழையால் தளத்தில் நிற்கிறவரும், இன்னொருவரை அவுட் ஆக்கப் போனதால் தப்பித்து நிற்கிறவரும் கண்ணுக்குத் தளத்தில்தான் இருப்பார்கள். ஆனால் இந்த விகிதத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. அதேபோல, சாக்ரிஃபைஸ் ஃப்ளை வகுக்கும் எண்ணில் சேரும், சக ஆட்டக்காரரை முன்னேற்றப் பந்தை மெல்லத் தட்டிவிட்டு அவுட் ஆகும் சாக்ரிஃபைஸ் பன்ட் சேராது. இதனால் ஒரு ‘வாக்’கூடக் கிடைக்காத ஒருவரின் தளமடை விகிதம், அவருடைய பேட்டிங் ஆவரேஜைவிடக் குறைந்துபோகும் வேடிக்கையும் நடப்பதுண்டு.

சொற்பயன்பாடு: ‘டெட் வில்லியம்ஸின் வாழ்நாள் தளமடை விகிதம் .482, மேஜர் லீக்கில் இதுவே மிக உயர்ந்தது.’