ஸ்டீயரிங் எண்ணெய் குறைந்தால் அது எங்கே போயிற்று?

பழைய காரின் பவர் ஸ்டீயரிங் தொட்டியில் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டால், பெரும்பாலானோர் ஒரு புட்டி வாங்கிக் குறி வரை ஊற்றி, மூடியைத் திருகிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இன்ஜின் ஆயிலாவது ஓடும் தூரத்துக்கு ஏற்ப சிறிது எரிந்து குறையும். பவர் ஸ்டீயரிங் எண்ணெயோ எதிலும் எரிவதில்லை, எதற்கும் செலவாவதில்லை. தொட்டியிலிருந்து பம்புக்கும், பம்பிலிருந்து ஸ்டீயரிங் பெட்டிக்கும், அங்கிருந்து மீண்டும் தொட்டிக்கும் சுற்றிவருவது மட்டுமே அதன் வேலை. ஆகவே அளவு குறைந்தது என்றால் அந்த எண்ணெய் எங்கோ வெளியேறியிருக்கிறது. வெளியேறியது தரையில் சொட்டுகிறதா, சூடான இரும்பின் மேல் விழுகிறதா என்பதைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது எனக்குப் பெரும் அச்சத்தைத் தரும் பழக்கம்.

எண்ணெயின் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் இந்த அமைப்பு புதியதன்று. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களிலேயே இதை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக்காட்டினார். பயணிகள் காரில் விற்பனைக்கு வந்தது 1951இல், கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில்தான். அடிப்படை இன்றும் அதேதான். இன்ஜினின் பெல்ட் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. ஸ்டீயரிங் தண்டின் அடியில் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. நாம் ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்பும்போது அந்தக் கம்பி சற்றே முறுக்கிக்கொள்ள, அந்த முறுக்கின் அளவுக்கு ஒரு வால்வு திறந்து, அழுத்தமுள்ள எண்ணெயைப் பிஸ்டனின் இடப்பக்கமோ வலப்பக்கமோ அனுப்புகிறது. டயர்களைத் திருப்பும் பாரத்தில் பெரும்பகுதியை எண்ணெய் சுமக்கிறது. கை அதற்குத் திசை காட்டினால் போதும்.

அழுத்தம் எவ்வளவு என்பதை அறிந்தால், அந்த எண்ணெயைக் கொண்டுசெல்லும் ஹோஸின் நிலைமை புரியும். டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம், ‘பார்’ என்னும் அழுத்த அலகில், இரண்டுக்குச் சற்று அதிகம். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடிக்கும்போது பம்ப் ஏறத்தாழ 70 முதல் 100 பார் வரை தள்ளுகிறது. அப்போது பம்பிலுள்ள பாதுகாப்பு வால்வு திறந்து, எண்ணெய் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடாகிறது. கடைசி வரை ஒடித்த நிலையில் சில விநாடிகளுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று கையேடுகள் சொல்வது இதனால்தான். இந்த அழுத்தத்தையும் இன்ஜின் அறையின் வெப்பத்தையும் ஆண்டுக்கணக்கில் தாங்குவது ஒரு ரப்பர் ஹோஸ். வயதாக ஆக ரப்பர் இறுகி, நெளியும் தன்மையை இழந்து, மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் விடுகிறது. பெரும்பாலும் முதலில் தோற்பது ஹோஸின் நடுப்பகுதியன்று; ரப்பரை உலோகக் குழாயோடு நசுக்கிப் பிடித்திருக்கும் பூண் பகுதிதான். அங்கே உற்றுப் பார்த்தால், மற்ற இடமெல்லாம் உலர்ந்த தூசியாக இருக்க, பூணைச் சுற்றி மட்டும் ஈரமான கறுப்பு வளையம் ஒன்று தெரியும்.

கசிவு முற்றினால் தொட்டியில் எண்ணெய் தாழ்ந்து, பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சத் தொடங்கும். எண்ணெயில் நுரை கட்டும், திருப்பும்போதெல்லாம் முனகல் ஒலி எழும், ஸ்டீயரிங் விட்டுவிட்டுக் கனக்கும். எண்ணெயின் உதவி முழுவதும் நின்றாலும் ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் டயருக்கும் இடையிலான உலோக இணைப்பு அப்படியே இருப்பதால் வண்டியைத் திருப்ப முடியும். ஆனால் மெதுவாகப் போகும்போது இரண்டு கைகளின் முழு பலமும் வேண்டியிருக்கும். பெல்ட் அறுந்தாலும் இதே கனம்தான் வரும். ஆனால் பல கார்களில் அதே பெல்ட்தான் பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுவதால், கூடவே பேட்டரி விளக்கும் எரியும். விளக்கு எதுவும் எரியாமல் ஸ்டீயரிங் மட்டும் கனத்து, எண்ணெய் கருகும் வாடையும் வந்தால், அது கசிவின் அறிகுறி என்றே கொள்ள வேண்டும்.

இந்த எண்ணெய் எளிதில் தீப்பிடிக்கக்கூடியது போலத் தோன்றாது என்பதுதான் ஆபத்து. ஒரு சுடரைக் காட்டினால் பற்றும் அளவுக்கு இதிலிருந்து ஆவி எழ, பொதுவாக 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். பெட்ரோலோ கடுங்குளிரிலும் அப்படிப் பற்றும். ஆயினும் திறந்த வெளியில் பழுக்கக் காய்ந்த உலோகத்தின் மேல் சொட்டும்போது நிலைமை தலைகீழாகிறது. பெட்ரோல் விழுந்த கணமே ஆவியாகிக் கலைந்துவிடுவதால் பல வேளைகளில் பற்றாமலே போகிறது. கனமான எண்ணெயோ உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, சூட்டை வாங்கி, தன் ஆவியைத் தன்னைச் சுற்றியே நிறுத்திக்கொள்கிறது. அதனால் பெட்ரோலைவிடக் குறைந்த சூட்டிலேயே அது பற்றிக்கொள்ளும். மேட்டில் பாரத்தோடு ஏறும் வண்டியில், இன்ஜினின் புகையை வெளியே எடுத்துச்செல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 500 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. பல கார்களில் ஸ்டீயரிங் ஹோஸ் போவது அதற்கு ஒரு சாண் தொலைவில்தான். ஊசித் துளையிலிருந்து எண்ணெய் பனிமூட்டம் போலப் பீய்ச்சினால், சொட்டைவிட மிக எளிதாகத் தீப்பிடிக்கும்.

வண்டி ஓடும்போது பற்றாத தீ, நிறுத்திய சில நிமிடங்களில் பற்றுவதும் உண்டு. ஓடும்போது காற்று உலோகத்தைக் குளிர்வித்து ஆவியையும் அடித்துக்கொண்டு போகிறது. நின்றதும் இரண்டும் நின்றுவிட, இன்ஜின் அறைக்குள் சூடு தேங்குகிறது.

எண்ணெயே இல்லாத மின்சார ஸ்டீயரிங்கில் இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் அதன் மோட்டார் பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதால், அரித்துப்போன இணைப்பி சூடாகி உருகும் வாய்ப்பு அங்கே உண்டு.

ஓட்டும்போது புகையோ கருகல் வாடையோ தெரிந்தால் ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும், ஏனெனில் இன்ஜின் ஓடும் வரை பம்ப் தீக்கு எண்ணெயை ஊட்டிக்கொண்டே இருக்கும். எல்லோரும் இறங்கி விலகி நிற்க வேண்டும். பானெட்டை அகலத் திறந்தால் காற்று புகுந்து தீ கிளம்பும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையில் உலர்தூள் தீயணைப்பான் இருந்து, தீ சிறியதாகவும் இருந்தால் மட்டும், பானெட்டின் இடுக்கு வழியாக அடிக்கலாம்.

அந்த நிலை வராமல் தடுப்பது கடினமன்று. இன்ஜின் ஆறியபின் ஹோஸையும் பூண்களையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்க இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். இன்ஜின் ஓடும்போது கசிவை விரலால் தடவித் தேட வேண்டாம். அந்த அழுத்தத்தில் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. ஹோஸ் மாற்றும்போது அந்த அழுத்தத்துக்கென்றே செய்ததைத்தான் போட வேண்டும். சாதாரண ரப்பர் குழாயைக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு ஓட்டுவதை நான் எந்த மெக்கானிக் சொன்னாலும் ஏற்க மாட்டேன். துடைத்தபின் ஒரு வாரம் ஓட்டிவிட்டு அதே பூணைத் திரும்பப் பாருங்கள். தூசி உலர்ந்து ஊதினால் பறக்கிறதென்றால் நல்லது. துடைத்த இடத்தில் கறுப்பு வளையம் மீண்டும் படிந்திருந்தால், அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் ஹோஸை மாற்றிவிடுங்கள்.