சாவி கொடுப்பது என்றால் என்ன?

"அவனா பேசல, யாரோ சாவி கொடுத்து அனுப்பியிருக்காங்க." ஊர்ப் பேச்சில் இதைக் கேட்டிருப்பீர்கள். இந்தச் சாவி எந்தப் பூட்டையும் திறப்பதில்லை. பழைய சுவர்க்கடிகாரத்துக்கும் தகரப் பொம்மைக்கும் கொடுத்த சாவி இது. உள்ளே இருக்கும் சுருள்வில்லை முறுக்கிவிட்டால், அது தளரும்வரை பொம்மை கொட்டடிக்கும், அப்புறம் நின்றுவிடும். பிறர் தூண்டுதலில் ஆடுகிறவரைச் 'சாவி கொடுத்த பொம்மை' என்பது அதனால்தான்.

சாவி போர்ச்சுக்கீசியச் சொல். மூலம் 'சாவெ', அதற்கும் முன்னால் இலத்தீன் 'கிளாவிஸ்'. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு அவர்கள் மொழியிலிருந்து ஜன்னல், அலமாரி, மேசை என்று பலவும் நம் வீட்டுக்குள் வந்தன. இந்திக்காரர்களின் 'சாபி'யும் இதே சொல்தான்.

ஆனால் வயலில் இன்னொரு சாவி உண்டு, அது நம்முடையது. கதிர் வந்தும் மணி பிடிக்காத நெல்லைச் சாவி என்பார்கள். 'சா' என்ற வினையடியில் பிறந்த சொல். "பயிர் பூராவும் சாவியாப் போச்சு" என்று ஒரு விவசாயி சொன்னால் பூட்டைத் தேடக் கூடாது. ஒரு போகத்து உழைப்பு போய்விட்டது என்கிறார். பதர் என்பதும் ஏறக்குறைய இதுதான்.

வீட்டுக்குள் வந்தால் சாவிக்கொத்து அதிகாரம். மாமியார் இடுப்பிலிருந்து அது மருமகளிடம் போனால், இனி வரவுசெலவு அவள் கையில் என்று பொருள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? எழுத்தில் திறவுகோல் இருக்கிறது. தமிழ் விவிலியத்திலும் இதுதான். கன்னியாகுமரிப் பக்கம் தாக்கோல் என்பார்கள், அதாவது தாழைத் திறக்கும் கோல். இலங்கைத் தமிழர்கள் "வீட்டுத் திறப்பு எங்கே?" என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் திறப்புதான். சின்னச் சொல், பேச்சில் இடறாது. நாம் அதைத் திறப்பு விழாவுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம்.

ஆனால் 'சாவி கொடு' என்பதற்கு 'திறவுகோல் கொடு' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். இங்கே வேலை திறப்பதல்ல, முறுக்குவது. அதற்கு 'முடுக்கு' என்ற சொல் இருக்கிறது. கடிகாரத்தையும் முடுக்கலாம், ஆளையும் முடுக்கலாம். "யாரோ அவனை முடுக்கிவிட்டிருக்காங்க" என்று சொல்லிப் பாருங்கள், அப்படியே பொருந்துகிறது.