யூரோப்பா வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து பாருங்கள்

போன குளிர்காலத்தில் நண்பர் ஒருவர், லோட்டஸ் யூரோப்பா என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப்போவதாகச் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மஞ்சள் நிறம், கண்ணாடி மாதிரி பெயின்ட். "ஒரு பொட்டுத் துரு கிடையாது" என்றார் விற்பவர். உண்மைதான். பாடி முழுக்க ஃபைபர், அதில் எங்கிருந்து துரு வரும்? ஜாக் போட்டுத் தூக்கி, முன்சக்கரங்களுக்கு நடுவே டார்ச் அடித்து, ஸ்குரூ டிரைவரால் சேசிஸை, அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டத்தை, லேசாக அழுத்தினேன். முனை உள்ளே போய்விட்டது. துரு செதில் செதிலாகத் தரையில் உதிர்ந்தது.

மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். இந்தக் காருக்குப் பல் எங்கே இருக்கிறது என்று தெரிய, அது உருவான கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேர ரேஸுக்கான ஃபோர்டின் கார் திட்டத்துக்காக, லோட்டஸில் இருந்த ரான் ஹிக்மன் போட்ட வடிவம் இது. அந்த வேலை லோட்டஸுக்குக் கிடைக்கவில்லை. (இதே ஹிக்மன்தான் 'வொர்க்மேட்' மடக்கு மேசையைக் கண்டுபிடித்தவர். என் பட்டறையிலும் ஒன்று நிற்கிறது.) லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் அந்த வடிவத்தை எடுத்து, சாதாரண ஆள் வாங்கக்கூடிய காராக 1966 கடைசியில் வெளியிட்டார். எஞ்சின் ரெனோ 16 என்ற பிரெஞ்சுக் காரிலிருந்து வந்த 1470 சிசி, 82 குதிரைத்திறன். ரெனோவில் அது முன்சக்கரத்தை ஓட்டியது. சாப்மன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே திருப்பி, சீட்டுக்குப் பின்னால் வைத்தார். அப்படியே விட்டால் முன்னால் போக ஒரு கியர், ரிவர்ஸில் நாலு! அதனால் உள்ளே கிரௌன் வீலை (சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் பெரிய பல்சக்கரம்) மறுபக்கம் மாற்றிப் பொருத்தினார்கள்.

சேசிஸ், முதுகெலும்பு மாதிரி நடுவில் ஓடும் ஒரு இரும்புப் பெட்டி. முன்பக்கம் ஆங்கில 'T' எழுத்து போல விரிந்து சஸ்பென்ஷனைத் தாங்குகிறது. தண்ணீர் புகுந்து தங்குவது அங்கேதான். முதல் சீரிஸில் பாடியை சேசிஸோடு ரெசின் வைத்து ஒட்டிவிட்டார்கள். உறுதிதான், ஆனால் சேசிஸ் போனால் ஃபைபரை அறுத்துத்தான் பிரிக்க வேண்டும். 1968-இல் வந்த இரண்டாம் சீரிஸில் போல்ட் போட்டார்கள். ஆகவே விலை பேசுவதற்கு முன் எந்த சீரிஸ் என்று கேளுங்கள்.

அப்புறம் பின்சக்கரம். இதில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ்ஷாஃப்ட்தான் சஸ்பென்ஷனின் மேல்கையும். எடையை மிச்சம் பிடிக்க சாப்மன் செய்த வேலை. சக்கரத்தின் மேல்விளிம்பைப் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கோடு நிறுத்தாமல் ஷாஃப்ட் ஜாயின்ட், கியர்பாக்ஸிலிருந்து ஷாஃப்ட் வெளிவரும் இடத்து பேரிங் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

1971-இல் 1558 சிசி ட்வின் கேம் (இரட்டை கேம்ஷாஃப்ட்) எஞ்சின் வந்தது, அடுத்த வருடம் 126 குதிரைத்திறன் 'ஸ்பெஷல்'. லோட்டஸ் ரேஸ் அணியின் நிறத்தில், கறுப்பில் தங்கக்கோடு போட்டு வந்தவை இந்த ஸ்பெஷல்களில் சில. கறுப்பு பெயின்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். நிறத்துக்காகக் கூடுதல் பணம் கேட்டால் சேசிஸ் எண்ணையும் பழைய பதிவுத் தாள்களையும் ஒப்பிடாமல் கொடுக்காதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பெட்ரோல் ஹோஸ்தான். ட்வின் கேமில் எஞ்சினுக்கு இருபுறமும் டாங்க், சுற்றிலும் தீப்பற்றக்கூடிய ஃபைபர். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதைத் தாங்காது. விரலால் ஹோஸை வளைத்துப் பாருங்கள், மேலே மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட அதிகச் செலவு ஆகாது.

அந்த மஞ்சள் கார் இரண்டாம் சீரிஸ். கால்வனைஸ் செய்த புது சேசிஸின் விலையைக் கழித்துக்கொண்டு நண்பர் வாங்கினார். இப்போது பாடி தனியாக, நாலு மரக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது.